பிள்ளைகளுக்கு நெல் வயலைக் காட்டுவோம்

(கோவையில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலாண்டுத் தேர்வு நெருங்கி வருகிறது. அது முடிந்ததும் சில நாள் விடுமுறை. பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்ற பேச்சு வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஊட்டிக்குப் போகலாம் என்கிறார் ஒருவர். தண்ணீரில் சறுக்கி விளையாடும் பூங்காவுக்குப் போகலாம் என்கிறார் மற்றொருவர். நமக்கு அதில் ஆட்சேபணை இல்லை. உழைக்கிற வீட்டுப் பிள்ளையும் மலையைப் பார்க்கத்தான் வேண்டும். தண்ணீரில் ஆடத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி. இங்கே இருப்பவர்களில் பலருக்குச் சொந்த ஊர் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வட்டாரம். வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் மூன்று வேளையும் சோறு தின்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நெற்பயிரைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்? சேற்றில் நின்று நாற்று நடுகிற கை தன் பாட்டியின் கை என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

போன ஆண்டு இதே விடுமுறையில் நாங்கள், கணவனும் மனைவியும், ஐந்து வயது மகளை அழைத்துக்கொண்டு மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் போய் ஆறு நாள் தங்கி வந்தோம். அங்கே கண்டதையும், அதிலிருந்து நமக்குத் தோன்றியதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

ரஷ்யப் பாட்டி வீடு

பட்டணத்துத் தொழிலாளி விடுமுறைக்குப் பிள்ளையோடு கிராமத்துக்குப் போவது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. ரஷ்ய நாட்டில் இது பெரிய வழக்கம். அங்கே பள்ளிக்கூடம் செப்டம்பர் 1-ந் தேதி திறக்கும். அதற்கு முன் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதமும் விடுமுறை. மாஸ்கோ நகரத்துப் பிள்ளைகள் ஏராளமான பேர் கிராமத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மரத்தால் கட்டிய வீடு. அதன் நடுவே ஒரு பெரிய அடுப்பு. குளிர்காலத்தில் அந்த அடுப்பின் மேலேயே படுத்துத் தூங்கலாம். கோடையில் ஆற்றில் குளிப்பது, காட்டில் காளானும் பழமும் பொறுக்குவது, பாட்டியோடு உருளைக்கிழங்குப் பாத்திக்கு மண் அணைப்பது, இவையெல்லாம் பிள்ளைகளின் வேலை.

கிராமத்தில் பாட்டி இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? சோவியத் காலத்தில் ஆலைகளின் மூலமாகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஊருக்கு வெளியே தோட்டத்துண்டு கொடுத்தார்கள். வழக்கமான அளவு 600 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 15 சென்ட். சனிக்கிழமை வந்தால் மின்சார ரயிலில் மண்வெட்டியோடும் பிள்ளையோடும் ஏறிப் போவார்கள். சோவியத் ஆட்சி 1991-இல் போய்விட்டது. தோட்டத்துக்குப் போகிற பழக்கம் போகவில்லை.

நம்மில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மாஸ்கோவில் தமிழில் அச்சான குழந்தைப் புத்தகங்கள் நம் ஊருக்கு வந்த காலம் அது. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் கண்காட்சியில் சில்லறைக் காசுக்கு வாங்கிப் படித்தோம். பனியை நாம் பார்த்ததில்லை. ஆனால் ரஷ்யப் பாட்டியின் அடுப்பு நமக்குத் தெரியும்.

அந்த நாட்டுக் கிராமத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1861 வரையில் ரஷ்ய விவசாயி பண்ணை அடிமை. பண்ணைக்கார பிரபுவின் மண்ணோடு சேர்ந்த சொத்து அவன். மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில் யாஸ்னயா பொல்யானா என்ற ஊர். எழுத்தாளர் டால்ஸ்டாய் பிறந்த பண்ணை அது. அவரும் பிரபு வம்சம்தான். ஆனால் அடிமை முறை ஒழிவதற்கு முன்பே, 1859-இல், தம் பண்ணை விவசாயிகளின் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு பள்ளி தொடங்கினார். அடி கிடையாது, தண்டனை கிடையாது. பண்ணை வேலைக்கே பிறந்தவன் என்று கருதப்பட்ட பையன் அங்கே கதை எழுதினான். இன்று அந்தப் பண்ணை அரும்பொருளகமாக இருக்கிறது. குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளோடு வந்து பார்க்கிறார்கள். பிரபுவின் மாளிகையைப் பார்க்கிற பிள்ளைக்கு, அதைத் தாங்கி நின்ற முதுகுகளின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தஞ்சைக்குப் போகிற நமக்கும் அதே வேலை இருக்கிறது. பெரிய கோவில் கோபுரத்தைக் காட்டுவது எளிது. வயலைக் காட்டுவதற்குக் கொஞ்சம் சொல்லத் தெரிய வேண்டும்.

மூன்று ஆறு பிரியும் இடம்

கோவையிலிருந்து செம்மொழி எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. பொழுது விடியும்போது தஞ்சைப் பக்கம் வந்துவிடுகிறது. அதன் பிறகு ஜன்னல் ஓரத்தை விட்டு மகள் நகரவே இல்லை. பாலத்துக்குப் பாலம் தண்ணீர். "அப்பா, இதுவும் காவிரியா? இதுவும் காவிரியா?" என்று கேட்டபடியே வந்தாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நீடாமங்கலத்தை விட நல்ல இடம் இல்லை. கல்லணையில் காவிரியிலிருந்து பிரிகிற வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மூணாறு தலைப்பு என்று ஜனங்கள் சொல்லுவார்கள். மறுநாள் அங்கே அழைத்துப் போனோம். குடகு மலையில் பிறந்த தண்ணீர், 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் தேங்கி, கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையைத் தாண்டி இங்கே வருகிறது. இங்கே மூன்றாகி, பிறகு வாய்க்காலாகி, வாய்க்காலிலிருந்து மடைவழியாக அப்பாயி நடுகிற வயலுக்குப் போகிறது என்று விரலால் காட்டிச் சொன்னோம்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மேலே இருக்கிறவங்க மூடிட்டா?" என்று கேட்டாள்.

தோழர்களே, இந்த ஒரு கேள்விக்குத்தான் வருஷக்கணக்காக நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் பதில் தேடின. 2007-இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வகுத்த தீர்ப்பு. மேட்டூரை ஜூன் 12-ந் தேதி திறப்பது மரபு. அந்தத் தேதிக்குத் திறக்க முடியாத ஆண்டுகளில் குறுவை குறைகிறது. குறுவை குறைந்தால் கூலி குறைகிறது. கூலி குறைந்தால் நம்மைப் போன்றவர்கள் ரயில் ஏறுகிறோம். நாம் கோவைக்கு வந்த கதையே அந்த மதகில்தான் தொடங்குகிறது.

சேற்றுக் கை

செப்டம்பர் கடைசி என்பது டெல்டாவில் இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கிற காலம். ஒரு பக்கம் குறுவை அறுவடை. மறுபக்கம் சம்பா, தாளடி நடவு. பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல சமயம் கிடையாது. ஒரே வரப்பில் நின்றால் ஒரு கண்ணுக்குப் பச்சை நாற்று, மறு கண்ணுக்குப் பழுத்த கதிர்.

வயலுக்குப் போன முதல் நாள் அப்பாயி நடவு வயலில் நின்றுகொண்டிருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேத்தியைக் கண்டதும் முழங்கால் சேற்றோடு கரையேறி வந்து கையை நீட்டினார். பிள்ளை பின்வாங்கினாள். "அழுக்கு!" என்று சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

நடவுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாயியும் சிரித்தார். "அழுக்கு இல்லடி தாயி, இது சேறு. சாக்கடையில இருக்கிறதுதான் அழுக்கு. சேறு இல்லாட்டி சோறு ஏது?" என்றார். கட்டாயப்படுத்தவில்லை. ஒரு நாற்று முடியைப் பிரித்து, இரண்டு மூன்று நாற்றைப் பிள்ளை கையில் கொடுத்து, வரப்போரமாக ஊன்றச் சொன்னார். ஊன்றினாள், சாய்ந்தது. மறுபடி ஊன்றினாள், நின்றது. அதன்பிறகு அவளைச் சேற்றிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடாயிற்று. மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தான் நட்ட நாற்று நிற்கிறதா என்று பார்க்க ஓடினாள்.

இதை ஏன் சொல்லுகிறோம்? "அழுக்கு" என்ற சொல்லைப் பிள்ளை தானாகக் கற்கவில்லை. பட்டணத்தில் பேசப்படும் பேச்சு அது. வெள்ளைச் சட்டை உயர்ந்தது, சேறு பட்ட சேலை தாழ்ந்தது என்று விளம்பரப் பலகையிலிருந்து தொலைக்காட்சி வரை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பஞ்சுத் தூசி படிந்த தலையோடு வீடு திரும்புகிற தகப்பனையும் நாளைக்கு அதே பிள்ளை அதே சொல்லால் அழைக்கக் கூடும். இதற்குப் பிரசங்கம் மருந்தல்ல. கையில் மூன்று நாற்றைக் கொடுப்பதுதான் மருந்து.

அறுவடை வயலில் வேறு காட்சி. பெல்ட் மிஷின் இறங்கியிருந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்; அதன் பின்னாலேயே ஓடினார்கள். அப்பாயி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது பேரு ஒரு நாளு முழுக்க அறுத்ததை இது ஒரு மணி நேரத்துல முடிச்சிடுது" என்றார். குரலில் கோபம் இல்லை. வியப்பும் இருந்தது, கவலையும் இருந்தது.

பஞ்சாலைத் தோழர்களே, இந்தப் பேச்சு உங்களுக்குப் புரியும். கோன் வைண்டிங்கில் எத்தனை பெண்கள் வரிசையாக நின்றார்கள், ஆட்டோகோனர் வந்தபிறகு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இயந்திரத்தின் மேல் நமக்குப் பகை இல்லை. குனிந்து குனிந்து ஒடிந்த இடுப்புக்கு அது ஓய்வு கொடுக்குமானால் நல்லதுதான். அது மிச்சப்படுத்தும் கூலி யார் பைக்குப் போகிறது என்பதே கேள்வி. ஆலையிலும் அதே கேள்வி. வயலிலும் அதே கேள்வி.

திரும்பும் வழியில் நேரடி நெல் கொள்முதல் நிலையம். சாலையோரம் நெல் குவியல் குவியலாகக் கிடக்கிறது, மேலே படுதா. மழை மேகம் வேறு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. காயவைக்க வெயில் வேண்டும், வெயில் இல்லை. மகள் ஒரு குவியலின் மேல் ஏறப்போனாள். அதுவரை ஒரு சுடுசொல் சொல்லாத அப்பாயி அப்போதுதான் அதட்டினார்: "நெல்லை மிதிக்காதே!" விற்றுப் பணமாகப் போகிற நெல் வேறொருவருடையது. இருந்தாலும் அதை மிதிக்கப் பொறுக்கவில்லை அந்த மனுஷிக்கு. விளைவித்தவருக்கு இருக்கும் மரியாதை இது.

"இந்த வீடு யாருது?"

மூன்றாம் நாள் இரவு வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளை கேட்டாள்: "அப்பாயி, அந்த வயல் உன்னுதா?"

"இல்ல கண்ணு. வேற ஒருத்தருது."

"இந்த வீடு?"

"இது நம்மளுது" என்றார் அப்பாயி. அந்தச் சொல்லைச் சற்று அழுத்தியே சொன்னார்.

உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த மனைப்பட்டாவை எடுத்துவந்து காட்டினார். எழுத்துக் கூட்டத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளையிடம் பட்டாவைக் காட்டுவது எதற்கு என்று வெளியார் நினைக்கலாம். நமக்குத் தெரியும் எதற்கு என்று.

பண்ணையாள் குடிசை போட்ட மனை மிராசுதாரின் மனை. வேலைக்கு வரமாட்டேன் என்றால் குடிசையைப் பிரி. கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரி. சங்கத்தில் சேர்ந்தால் குடிசையைப் பிரி. அடுப்பு எரிகிற இடமே எதிரியின் கையில் இருந்தால் மனிதன் எப்படி நிமிர்ந்து பேசுவான்? அதற்கு மேல் சவுக்கடி, சாணிப்பால். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் பையன் பண்ணை மாட்டின் பின்னால் நடந்தான்.

1943-இல் சீனிவாசராவ் என்ற தோழர் தஞ்சைக்கு வந்தார். கன்னட நாட்டுக்காரர், தமிழ் கற்றுக்கொண்டு, சேரிகளில் தங்கி, அவர்கள் உண்டதை உண்டு, சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்று அவர் சொன்னதாக இன்றும் கிழவர்கள் சொல்லுகிறார்கள். அவர் 1961-இல் மறைந்தார். திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் இருக்கிறது. அந்தப் போராட்டங்களின் பலனாகத்தான் 1952-இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது. குடியிருந்த மனையே குடியிருந்தவருக்குச் சொந்தம் என்ற சட்டம் 1971-இல் வந்தது.

1971-இல் அப்பாயி புதிதாகக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த பெண். "அதுக்கு முந்தி சுவத்துல ஆணி அடிக்கக்கூட உங்க தாத்தா யோசிப்பாரு" என்றார். வயல் இன்னும் நம்முடையதல்ல, மனை நம்முடையது. பாதி தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு அந்தத் தகரப் பெட்டி சாட்சி.

எதை இப்போது சொல்வது, எதைப் பிறகு சொல்வது?

ஊருக்குப் போனால் எல்லாவற்றையும் பிள்ளையிடம் கொட்டிவிட வேண்டும் என்பதல்ல. எங்களுக்குள்ளேயே இதில் விவாதம் நடந்தது. கீழ்வெண்மணிக்கும் கூட்டிப் போகலாம் என்றோம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் மீது தாக்குதல் நடந்து, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட ஊர். மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதை உலகம் மறக்கக்கூடாது. ஆனால் துணைவியார் ஒரே சொல்லில் முடித்தார்: "இவளுக்கு ஐந்து வயது. குடிசை வீட்டில்தான் இன்று இரவும் தூங்கப் போகிறாள்."

அது சரியான பேச்சு. பயந்துபோன பிள்ளை எதையும் கற்காது. ஐந்து வயதில் நாற்று. எட்டு வயதில் பட்டாவின் கதை. பன்னிரண்டு வயதில் வெண்மணி. வயதுக்குத் தக்க சோறு போடுகிறோம் அல்லவா? சரித்திரத்தையும் அப்படித்தான் ஊட்ட வேண்டும். ஊட்டாமலே விட்டுவிடுவதுதான் குற்றம்.

எச்சரிக்கையும் வேண்டும்

தாய்மார்களுக்குச் சில வார்த்தை. கிராமம் பட்டணத்துப் பிள்ளைக்குப் பழக்கமில்லாத இடம். ஆறும் வாய்க்காலும் நிறைந்து ஓடும் காலம். உள்ளூர்ப் பையன் மதகிலிருந்து குதிக்கிறான் என்று நம் பிள்ளையும் குதிக்கக் கூடாது. கரைக்குப் போகும்போது கையைப் பிடித்தபடி ஒரு பெரியவர் இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆற்றுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இருக்கட்டும். இருட்டில் விளக்கு இல்லாமல் நடக்கவேண்டாம். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

ஒரு வீட்டின் இரு திண்ணை

கடைசியாக ஒரு விஷயம். அண்ணன் மகன் ஒருவன், ஏழு வயது. மகளுக்கு மடையில் மீன் பிடிக்கவும், நண்டு வளையை அடையாளம் காணவும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். பதிலுக்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆலையில நூல் எப்படி வருது?" நாங்கள் வாயால் சொன்னோம்; அவனுக்கு விளங்கவில்லை. அவன் போட்டிருந்த சட்டை கோவை நூலாக இருக்கலாம். திருப்பூரில் தைத்ததாக இருக்கலாம். இங்கே நம் பிள்ளைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அங்கே அந்தப் பிள்ளைக்குச் சட்டை எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. இரண்டையும் செய்கிறவர்கள் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள்!

பட்டணத்து உறவினர் என்றால் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து, புதுச் சட்டையைக் காட்டி, கொசு கடிக்கிறது என்று இரண்டாம் நாளே ரயில் ஏறுகிறவர் என்ற பெயர் ஊரில் இருக்கிறது. கிராமத்து உறவினர் என்றால் கடன் கேட்க வருகிறவர் என்ற நினைப்பு இங்கே இருக்கிறது. இந்தப் பிளவினால் லாபம் அடைகிறவன் யார்? ஆலையில் கூலியைக் குறைக்க, ஊரிலிருந்து ஆள் வரும் என்று காட்டுகிறான். வயலில் கூலியைக் குறைக்க, ஆலைக்குப் போனவன் திரும்பி வருகிறான் என்று காட்டுகிறான். அண்ணனைக் காட்டித் தம்பியையும், தம்பியைக் காட்டி அண்ணனையும் மிரட்டுகிற இந்த வித்தை, இருவரும் ஒருவரையொருவர் அறியாதவரையில்தான் பலிக்கும்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, இந்த விடுமுறையில் முடிந்தவர்கள் பிள்ளைகளோடு ஊருக்குப் போங்கள். குறைந்தது ஒரு நாளாவது வயலில் நில்லுங்கள். இரண்டு, ஊர் இல்லாத தோழர்களின் பிள்ளைகளையும் உங்களோடு சேர்த்து அழைத்துப் போங்கள். ஒரு பானையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டால் போதும். மூன்று, கிராமத்துப் பிள்ளைகளை மே விடுமுறையில் இங்கே வரவழையுங்கள். நூல் எப்படி வருகிறது என்று அவர்களுக்குக் காட்டுவது நம் கடமை. டெல்டாவிலிருந்து இந்தப் பேச்சைப் படிக்கிற விவசாயத் தொழிலாளத் தோழர்களே, உங்களையும் கேட்டுக்கொள்ளுகிறோம்: தயங்காமல் அனுப்பிவையுங்கள்.

நாற்றுப் பிடித்த கையும் நூல் பிடித்த கையும் சிறு வயதிலேயே ஒன்றையொன்று பிடித்துப் பழகட்டும். பெரியவர்களான பிறகு அந்தக் கைகளைப் பிரிப்பது எவனுக்கும் எளிதாக இராது.